எரியாத இன்ஜின்

போன் அலறியது.

அந்த மழலைப் பள்ளியின் ஒரே வகுப்பறையில் குழந்தைகளும் கோரஸாக அலறிக்கொண்டிருந்ததால், முதல் தடவை அது யார் காதிலும் விழவில்லை.

மறுபடி அலறியது.

"மிஸ்... உங்க போனு!"

துடைப்பத்தோடு வந்த ஆயா போனை எடுத்து நீட்டினாள்.

பள்ளியின் சொந்தக்காரி, ஆசிரியை, டிரைவர் மூன்றும் ஒரே ஆள்தான். முப்பத்தைந்து வயது. விதவை. ஊருக்கே அவள் 'மிஸ்'.

"ஹலோ?"

"வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ்லேருந்து பேசறேம்மா. செகண்ட் ஹேண்ட் எஸ்.யூ.வி. ஒண்ணு வாங்கி, உங்க பேருக்கு மாத்தக் குடுத்தீங்களே..."

"ஆமா சார்! ரெடியாயிடுச்சா?"

"எங்கம்மா ரெடியாகறது? இன்ஜின் நம்பர் ஒத்துப் போகல."

"அது இன்ஜின் மாத்தின வண்டி சார். பழைய இன்ஜின் சீஸ் ஆகி இறுகிப் போச்சாம். அதே மாடல் வேற வண்டியோட இன்ஜினைப் போட்டேன்னு விக்கறவரு சொல்லித்தான் வித்தாரு."

"மாத்தினது தப்பில்ல. மாத்தினதை இங்க வந்து பதியலை, அதுதான் தப்பு. சரி, அந்த இன்ஜின் யாரோடதுன்னு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தேன்..."

எதிர்முனை தொண்டையைச் செருமியது.

"உங்க வீட்டுக்காரர் பேர் வருது."

மிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... அவரு இறந்து ரெண்டு வருஷமாச்சு. வண்டியோட பள்ளத்துல உருண்டு... வண்டி எரிஞ்சு... அவரும்..."

"வண்டி எரிஞ்சு போச்சுன்னுதான் இங்கயும் இருக்கு. ஆனா இன்ஜின் மட்டும் உயிரோட வந்து நேத்து என் ஆபீஸ் வாசல்ல நின்னுச்சே! எப்படிம்மா?"

எப்படி?

வாசலில் வந்து நின்றாள். வெயிலில் மினுங்கியது எஸ்.யூ.வி.

அவள் கணவன் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது இதே மாடலில்தான். குழந்தைகளை ஏற்றி இறக்க ஒரு வண்டி வேண்டும் என்றதும் கை தானாக இதைத்தான் தேடியது. ஓட்டிப் பார்த்தபோது அந்த உறுமலைக் கேட்டுக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பேரம்கூடப் பேசவில்லை.

பானெட்டைத் தூக்கினாள்.

எண்ணெய்ப் பிசுக்கு. தூசி. மருந்துக்குக்கூட ஒரு கரித்தடம் இல்லை!

விற்றவர் கண்ணாடிக் கடைக்காரர். அவளைப் பார்த்ததுமே இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"வித்த வண்டிக்கு ரிட்டர்ன் கிடையாதும்மா! இன்ஜின் மாத்தினதுன்னு சொன்னேனா, இல்லியா?"

"சொன்னீங்க. எங்க மாத்தினீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"இவ்வளவுதானா?" அவருக்கு மூச்சு வந்தது. "மேம்பாலத்துக்குக் கீழ ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு. வாசல்ல எப்பவும் ஒரு இழுவை வண்டி நிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி, இன்ஜின் சீஸாகிப் போய் நின்னேன். 'சார், உங்க அதிர்ஷ்டம்! இதே மாடல் இன்ஜின் ஒண்ணு கைவசம் இருக்கு'ன்னாரு. தங்கமான மனுஷன்... ஏம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

மேம்பாலத்துக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு ஒர்க்‌ஷாப்.

அந்தத் தங்கமான மனுஷன்... அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்!

அண்ணன் ஒரு லாரிக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான். தங்கையைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தான்.

சிரிப்பு அப்படியே உறைந்தது.

"பாப்பா... இது... யார் வண்டி?"

"என்னோடது. உனக்குச் சொல்லாம வாங்கினேன். சொன்னா வேண்டாம்பே. ஆனா, இதுக்குள்ள இருக்கற இன்ஜின் உன் மாப்பிள்ளையோடது."

"யா... யார் சொன்னா?"

"கவர்மென்ட்டு."

"அது... எரிஞ்ச வண்டியைப் பள்ளத்துலேருந்து இழுத்துட்டு வந்தேன்ல... அதுல இன்ஜின் தப்பிச்சிருந்துச்சு... சும்மா எதுக்குப் பழைய இரும்புக்குப் போடணும்னு..."

"அண்ணா!" அவள் குரல் தணிந்திருந்தது. "டயர் எரிஞ்சு, சீட் எரிஞ்சு, உள்ள இருந்த ஆளை அடையாளமே தெரியாம எரிச்ச தீ, இன்ஜினை மட்டும் தொடாம ஒதுங்கிப் போச்சா? பெட்டியைத் திறந்து முகத்தைப் பாக்கக்கூட விடலையே நீ! 'பாக்காதே பாப்பா, தாங்கமாட்டே'ன்னியே!"

அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான்.

"இன்ஜினைக் கழட்டிட்டுத்தான் எரிச்சிருக்கே. இன்ஜின் இல்லாத வண்டி தானா ஓடிப் போய்ப் பள்ளத்துல விழாது. உன் இழுவை வண்டிதான் கொண்டுபோய்த் தள்ளியிருக்கணும். எதுக்குடா என் புருஷனைக் கொன்னே?"

"கொல்லலை!" அவன் பதறினான். "சத்தியமா கொல்லலை பாப்பா! மாப்பிள்ளை... மாப்பிள்ளை உயிரோட இருக்காரு!"

மேம்பாலத்தின் மேல் ஏதோ ஒரு கனரக வாகனம் கடந்தது. ஒர்க்‌ஷாப் தகரம் முழுக்க நடுங்கி ஓய்ந்தது.

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்ப... நான் அழுது அடக்கம் பண்ணினது யாரை?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"மாப்பிள்ளை கட்டிட்டிருந்த அந்தக் கட்டடத்துச் சுவர் இடிஞ்சு நாலு பேர் செத்தாங்கள்ல... அவரு கான்ட்ராக்டர். பேருக்கு சூப்பர்வைசர்னு கையெழுத்து போட்டவன் நான். சுவர் விரிசல் விட்டிருக்குன்னு தெரிஞ்சும் வேலை பாக்கச் சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்டவன் காவலாளி ஒருத்தன்தான். கோர்ட்டுல சொல்லியே தீருவேன்னு நின்னான். மாப்பிள்ளை கெஞ்சினாரு... மிரட்டினாரு... கடைசில கடப்பாறையை எடுத்துட்டாரு. நான் வண்டி வேலை மட்டும்தான் பாத்தேன் பாப்பா. சாட்சியும் இல்ல, குற்றவாளியும் இல்ல. கேஸ் ஊத்தி மூடிட்டாங்க."

காவலாளி!

வழக்குக்குப் பயந்து எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்று ஊரே காறித் துப்பிய காவலாளி. அவன் பெண்டாட்டிதான் இப்போது மிஸ்ஸின் பள்ளியில் துடைப்பத்தோடு நிற்கிறாள். 'பாவம், கட்டினவன் கைவிட்டுட்டானே' என்று மிஸ்தான் வேலை போட்டுக் கொடுத்தாள்.

"ஒரு மனுஷனை எரிக்க உனக்கு மனசு வந்துச்சு. இன்ஜினை எரிக்க மனசு வரலையா அண்ணா?"

"நல்ல இன்ஜின் பாப்பா..." என்றான் அவன். தன்னையறியாமல் வந்துவிட்ட பதில்!

அவள் திரும்பி நடந்தாள். அவன் ஓடிவந்து காலைப் பிடித்தான்.

"நாளைக்குக் காலைல நானே ஸ்டேஷனுக்கு வந்து சரணடையறேன். மாப்பிள்ளையையும் வரச் சொல்றேன். ஒரே ஒரு நாள் குடு! என் பிள்ளைங்க முகத்தைப் பாத்துட்டு வந்துடறேன்..."

அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது முதுகில் சுமந்து மருத்துவமனைக்கு ஓடிய அண்ணன். அந்த முதுகு இப்போது குலுங்கி அழுதது.

"ஒரு நாள்தான்," என்றாள்.

அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மேஜை மேல் சூடு ஆறிக்கொண்டிருந்த டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் கேட்டாள். அண்ணன் வரவில்லை. பக்கத்து பெஞ்சில் ஆயா. வரும் வழியிலேயே அவளிடம் எல்லாம் சொல்லி முடித்திருந்தாள் மிஸ்.

ஆயா கதறவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா அந்த மனுஷனை நாயே பேயேன்னு திட்டிட்டிருந்தேனே மிஸ்... என் வாய் அழுகாதா?"

"அக்கா... என்னை மன்னிச்சிடுங்க அக்கா..."

"நீங்க என்ன பண்ணுவீங்க மிஸ்? நீங்க இல்லேன்னா எனக்கு இதுவும் தெரிஞ்சிருக்காது." ஆயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

"ஜீப்பை எடுங்கப்பா!"

மதியத்துக்குள் ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் பிடிபட்டான். ஓடக்கூட முயற்சிக்கவில்லை. அவன் போனில் இருந்த எண்ணை வைத்துப் பக்கத்து ஊர் லாட்ஜ் ஒன்றில் 'இறந்துபோன' கணவனை அமுக்கினார்கள். தாடி வளர்த்திருந்தான். நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தான்.

ஸ்டேஷன் வாசலில் அவனை இறக்கியபோது மிஸ் எழுந்து நின்றாள். கேட்பதற்கு ஆயிரம் கேள்விகள் இருந்தன.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போனான்.

கதவு மூடிக்கொண்டது.

வெகுநேரம் கழித்துத் திறந்தது.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியிருந்தது. மிஸ்ஸுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மிஸ்... பிணம் உங்க கணவரோடதுன்னு அடையாளம் காட்டிக் கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான் மேடம். அண்ணன் பாத்துட்டு வந்து சொன்னான்... நான் போட்டேன்."

"பாக்காமலா போட்டீங்க?"

"ஆமா..."

"காவலாளியோட பெண்டாட்டிக்கு வேலை குடுத்துப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டது?"

"பாவம்னு..."

"ஊர்ல எத்தனையோ வண்டி விக்குது. தேடிப்பிடிச்சு இந்த இன்ஜின் இருக்கற வண்டியவே, பேரம்கூடப் பேசாம வாங்கினது?"



"மேடம்... என்ன கேக்கறீங்க?"

"அவங்க சொல்றதைக் கேக்கறேன். திட்டம் போட்டதே நீங்கதானாம். கடப்பாறையை எடுத்துக் குடுத்ததும் நீங்கதானாம். இன்ஜின் வெளில சுத்திட்டிருக்குன்னு தெரிஞ்சதும், அதை வாங்கி அழிச்சிடலாம்னு வண்டியை வாங்கினீங்களாம். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்ததும் பயந்துபோய், பழியை அவங்க மேல போட்டுட்டு முந்திக்கிட்டு ஓடி வந்தீங்களாம்."

"பொய்! ஒரு நாள் டைம் குடுத்தேன்... அந்த ஒரு நாள்ல பேசி வெச்சு..."

"கொலைகாரனுக்கு எதுக்கு மிஸ் ஒரு நாள் டைம் குடுத்தீங்க? கோர்ட்டுல முதல் கேள்வியே அதுதான் வரும். என்ன பதில் சொல்லுவீங்க?"



அவள் கையைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

மிஸ் திரும்பினாள். ஆயா பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் வராத கண்ணீர் இப்போது வழிந்தது.

"அதுக்குத்தான்... எனக்கு வேலை குடுத்தீங்களா மிஸ்?"

"அக்கா! நம்பாதீங்க அக்கா!"

ஆயா எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள்.

"எனக்கென்னவோ நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம்னுதான் தோணுது மிஸ். ஆனா எனக்குத் தோணறதைக் கோர்ட்டு கேக்காது. தனித்தனி ரூம்ல வெச்சு விசாரிச்சேன். உங்க அண்ணனும் புருஷனும் ஒரு வார்த்தை பிசகாம ஒரே மாதிரி சொல்றாங்க."

ஒரு பெண் கான்ஸ்டபிள் விலங்கோடு வந்து நின்றாள்.

மிஸ் அந்த விலங்கைப் பார்த்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு, ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"என்ன மிஸ்?"

கைகள் இரண்டையும் நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல மேடம்... எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து அவங்க ரெண்டு பேரும் ஒத்துமையாப் பேசி நான் கேட்டதே இல்ல. இன்னிக்குத்தான் மொதல் தடவை... மனசு நெறைஞ்சு போச்சு, மாட்டுங்க!"