பொத்தானைத் தாண்டி ஓடிய எறும்பு

ஓர் எறும்புக்குப் பொத்தான் கிடைக்கவில்லை. அதனால் பட்டாணியின் வீட்டில் மூன்று நாட்களாக யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

நிஜ எறும்பு இல்லை. பட்டாணியின் அக்கா கணினியில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். அதில் வருகிற எறும்பு. வழி தவறிப்போன அந்த எறும்பைத் தோட்டம், மழைநீர்க் குழாய், சமையலறை, அலமாரி என்று நான்கு லெவல்களைத் தாண்டி வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். படம் வரைவது, எறும்பை நடக்க வைப்பது எல்லாம் அக்கா. இசை மட்டும் சித்தப்பா.

பட்டாணிக்கு வயது பத்து. பிறந்தபோது உருண்டையாக இருந்தாளாம். இப்போது குச்சியாக இருக்கிறாள். ஆனாலும் அந்தப் பெயர் அவளை விடுவதாக இல்லை. புதிதாக ஒரு லெவல் தயாரானதும் விளையாடிப் பார்ப்பதும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து விளையாட வைப்பதும் அவள் வேலை. பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் அக்கா சொல்லவில்லை.

"சொல்லிட்டா அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டுவிட்டாள்.

கடைசி லெவல்தான் தகராறு. மடித்து வைத்த துணிகள் அதில் மலைகள். சட்டைக் கைகள் குகைகள். ஏதோ ஒரு சட்டையின் பைக்குள் ஒரு மஞ்சள் பொத்தான். அதை எடுத்துக் கதவில் இருக்கும் ஓட்டையில் பொருத்தினால் கதவு திறக்கும். அவ்வளவுதான். துரத்த யாரும் இல்லை, விழுவதற்குப் பள்ளமும் இல்லை.

ஒன்பது பிள்ளைகள் விளையாடினார்கள். ஒருவருக்கும் பொத்தான் கிடைக்கவில்லை. மாடி வீட்டு அண்ணன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஏழு முறை ஓடி, ஏழு முறையும் கதவில் முட்டிக்கொண்டு, "இந்தக் கதவு கெட்டுப்போச்சு" என்று எழுந்து போய்விட்டான்.

அக்கா பொத்தானைப் பெரிதாக்கினாள். பலனில்லை. பளபளவென்று மின்ன வைத்தாள். அதற்கும் பலனில்லை. ஓர் அம்புக்குறி போட்டாள். அதைப் பார்த்த ஒரு பெண், ஓட வேண்டிய திசை அதுதான் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினாள். அக்கா அம்புக்குறியை எடுத்துவிட்டாள்.

"இனி அந்தப் பொத்தான் வாயைத் திறந்து கூப்பிட்டாத்தான் உண்டு," என்றாள் அம்மா.

அக்கா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் விளையாட்டை ஒரு கண்காட்சிக்கு அனுப்பியாக வேண்டும்.

"அதுக்குள்ள ஒருத்தராவது கண்டுபிடிக்கலைன்னா அலமாரியைத் தூக்கிடப் போறேன். மூணு லெவல் போதும்," என்றாள்.

போதும் என்று சொன்னாளே தவிர, அவள் கண்கள் சிவந்திருந்தன. அலமாரியை அவள் மூன்று மாதமாக வரைந்தாள். கம்பளிச் சட்டையின் ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக வரைந்திருந்தாள்.

புதன்கிழமை பள்ளி விடுமுறை. மதியம் பட்டாணி தனியாகக் கணினி முன் உட்கார்ந்தாள். பக்கத்து அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்பு சாக்ஸ் தொங்கியது. அது தொங்கினால் உள்ளே சித்தப்பா ஒலிப்பதிவு செய்கிறார், வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று அர்த்தம். ஒருமுறை அந்த நேரம் பார்த்து அப்பா தும்மிவிட்டார். அந்தத் தும்மல் இன்றைக்கும் சமையலறை லெவலில் இருக்கிறது. மிளகாய் டப்பா பக்கத்தில் எறும்பு போனால் கேட்கும்.

அக்காவின் ஹெட்போன் அக்காவோடு வெளியே போயிருந்தது. எனவே பட்டாணி சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு அலமாரி லெவலைத் திறந்தாள்.

எறும்பு நடந்தது. பட்டாணி பார்த்தாள். மூலையில் ஒரு சிலந்தி உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தது. அட, இது எப்போது வந்தது? ஒரு கால்சட்டைப் பையில் கசங்கிய பஸ் டிக்கெட் இருந்தது. ஓர் அந்துப்பூச்சி கர்சீப்பின் ஓரத்தைக் கடித்துவிட்டு, தான் கடிக்கவே இல்லை என்பதுபோல் நின்றது. பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. எறும்பைக் கம்பளிச் சட்டை மேல் ஏற்றினாள். பையை எட்டிப் பார்த்தாள்.

மஞ்சள் பொத்தான்!

கதவு திறந்தது. பட்டாணி வாயைப் பொத்திக்கொண்டாள். சாக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததே!

'இத்தனை நாள் இது ஏன் கண்ணில் படவில்லை?' என்று யோசித்தாள். இன்றைக்கு என்ன மாறியது? ஒன்றே ஒன்றுதான்.

சாக்ஸ் இறங்கியதும் சத்தத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். டம டம டம டம என்று மேளம் அதிர்ந்தது. அவள் விரல் தானாகவே ஓடுகிற பட்டனை அழுத்தியது. சிலந்தி போயிற்று, டிக்கெட் போயிற்று, கம்பளிச் சட்டை போயிற்று. டமார் என்று கதவில் முட்டினாள். பொத்தான் இருக்கும் இடம் தெரிந்திருந்தும் அதைத் தாண்டி ஓடியிருந்தாள்!

ஒருமுறை நடந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். எதிர் வீட்டு இரட்டையர் அன்றுதான் வெளியூரிலிருந்து திரும்பியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பிடிவாதம். ஒருத்திக்கு இசையோடு கொடுத்தாள், இன்னொருத்திக்கு இசை இல்லாமல் கொடுத்தாள். முதல் ஆள் பத்து முறை கதவில் முட்டினாள். இரண்டாம் ஆள் பொத்தானை எடுத்துவிட்டு, "இந்தச் சிலந்தி என்ன பின்னுது? யாருக்கு?" என்று கேட்டாள்.

மாலையில் அக்கா வந்ததும் பட்டாணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"மியூசிக்கா? நான் தினமும் விளையாடுறேனே, எனக்கு ஓடவே தோணலையே!"

"சத்தம் வச்சுக்கிட்டா விளையாடுறே?"

அக்கா கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் மெதுவாக. "அதையே நூறு தடவை கேட்டா தலை வலிக்குது. எப்பவும் ஆஃப் பண்ணிடுவேன்."

இருவரும் சித்தப்பாவின் அறையைப் பார்த்தார்கள். உள்ளே அவர் அதே டம டமவை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் போட்டதிலேயே அதுதான் சிறந்தது என்று அவரே சொல்லியிருந்தார். அதற்காகப் பழைய சூட்கேஸ் ஒன்றை இருபது நாள் விதவிதமாகத் தட்டி, அவர் விரல் வீங்கிப்போயிருந்தது. அதற்கு முன்பு ஒரு மெட்டை அப்பா "பரவாயில்லை" என்று சொன்னதற்கே இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை.

"நீயே சொல்லிடு பட்டாணி. என்னால முடியாது," என்று அக்கா நழுவினாள்.

பட்டாணிக்கு மட்டும் முடியுமா? புது இசை எது வந்தாலும் சித்தப்பா முதலில் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்க வைப்பார். அவர் முகம் வாடினால் அவளால் தாங்க முடியாது. ஆனால் சொல்லாவிட்டால் அலமாரி போய்விடும். இரவு முழுவதும் யோசித்தாள் என்று எழுத ஆசைதான். உண்மையில் பத்து நிமிடம் யோசித்தாள், அதற்குள் ஒரு வழி தோன்றிவிட்டது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவின் அறைக்குப் போனாள்.

"சித்தப்பா, அலமாரி லெவலை நீங்க விளையாடியிருக்கீங்களா?"

"நானா? அதுக்கு எங்க நேரம்? உங்க அக்கா படத்தை அனுப்புவா, நான் அதைப் பார்த்து மியூசிக் போடுவேன்."

"படத்துல என்ன இருந்துச்சு?"

"ஒரே இருட்டு. இருட்டுன்னா ஆபத்துதானே? எறும்பு பாவம், தப்பிச்சு ஓடட்டும்னு போட்டேன்."

"இப்ப ஒரு தடவை விளையாடுங்களேன்."

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேளம் அதிர்ந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினார். முட்டினார். திரும்பி ஓடினார். மறுபடியும் முட்டினார்.

"என்ன இது, வெளிய போக வழியே இல்லையா?"

பட்டாணி சத்தத்தை அணைத்தாள். "இப்ப பாருங்க."

எறும்பின் வேகம் குறைந்தது. சித்தப்பா சிலந்தியைப் பார்த்தார். டிக்கெட்டைப் பார்த்தார். பொத்தானையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அப்போ என் மியூசிக்தான் கெடுத்துச்சா?" என்றார்.

பட்டாணி அவர் பக்கம் நகர்ந்து சொன்னாள். "அக்கா அம்புக்குறி போட்டா, யாரும் மதிக்கல. பொத்தானைப் பெருசாக்கினா, அதையும் யாரும் மதிக்கல. உங்க மியூசிக் ஓடுன்னு சொல்லுச்சு, ஒன்பது பேரும் ஓடினாங்க. பொத்தான் எங்க இருக்குன்னு தெரிஞ்ச நானே ஓடினேன் சித்தப்பா!"

சித்தப்பா அவளையே பார்த்தார். அவர் மீசை லேசாக அசைந்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஒன்பது பேருமா?"

"ஒருத்தர் பாக்கி இல்லாம."

"சரி, ஓட வேண்டிய இடத்துல அதை வச்சுக்கலாம். குழாய்ல வெள்ளம் துரத்துதே, அங்க போடலாம். ஆனா அலமாரிக்குள்ள என்ன கேட்கும்?"

அது பட்டாணிக்கும் தெரியவில்லை. "வாங்க, உள்ள போய்க் கேட்டுப் பார்ப்போம்," என்றாள்.

அம்மாவின் அறையில் இருந்த துணி அலமாரியைத் திறந்தார்கள். பட்டாணி கீழ்த்தட்டில் போர்வைகளுக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டாள். சித்தப்பா ஆறடி உயரம். சட்டைகள் தொங்குகிற பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்தை மடக்கி எப்படியோ உட்கார்ந்தார். கதவை இழுத்து மூடினார்கள்.

தெருவின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மூச்சுச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. மேலே ஹேங்கர்கள் ஒன்றையொன்று தொட்டு டிங், டிங் என்றன.

"பயமா இருக்கா?" என்று சித்தப்பா கிசுகிசுத்தார்.

பட்டாணி யோசித்தாள். "இல்ல. யாரும் நம்மள அவசரப்படுத்த மாட்டாங்கன்னு தோணுது."

சித்தப்பா ஒரு ஹேங்கரை விரலால் மெல்லத் தட்டினார். பிறகு காத்திருந்து, இன்னொரு முறை தட்டினார்.

அப்போது பார்த்து மடித்த துண்டுகளோடு வந்த அம்மா அலமாரியைத் திறந்தாள்.

"ஐயோ!"

துண்டுகள் நாலா பக்கமும் பறந்தன.

"அண்ணி, கதவை மூடுங்க. மியூசிக் கேட்டுட்டு இருக்கோம்," என்றார் உள்ளேயிருந்து சித்தப்பா.

"வீட்ல உட்கார வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?" அம்மா துண்டுகளைப் பொறுக்கி அவர் மடியில் அடுக்கினாள். "இதையும் வச்சுக்கோங்க." கதவை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முழுவதும் சிவப்பு சாக்ஸ் தொங்கியது. அம்மா ஹேங்கர்களைக் காணோம் என்று தேடினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பட்டாணி மாடி வீட்டு அண்ணனைக் கூப்பிடப் போனாள்.

"அந்தக் கதவு கெட்டுப்போன கேமா? ஆளை விடு!"

"ஒரே ஒரு தடவைண்ணா. கதவு சரியாயிடுச்சு."

இது முழுப்பொய் இல்லை என்று பட்டாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணன் அலுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினான். மணி நாலரை ஆகியிருந்தது. அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். சித்தப்பா கதவோரம் நின்று, சுவரில் ஏதோ படம் மாட்டியிருப்பதுபோல் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரி லெவல் ஆரம்பித்தது. அண்ணனின் விரல் வழக்கம்போல் ஓடுகிற பட்டனுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு விலகியது.

எறும்பு நடந்தது. அண்ணன் குனிந்து டிக்கெட்டைப் படித்தான். அந்துப்பூச்சியைப் பார்த்து, "திருடா," என்றான். சிலந்தியிடம் ரொம்ப நேரம் நின்றான். கம்பளிச் சட்டையில் மெதுவாக ஏறி, பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஓ, பொத்தான்!"

அக்கா பட்டாணியின் கையை வலிக்க வலிக்க அழுத்தினாள். பொத்தான் ஓட்டையில் பொருந்தியது. கதவு திறந்து உள்ளே வெளிச்சம் விழுந்தது.

ஆனால் எறும்பு வெளியே போகவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் திரும்பி, வந்த வழியே மறுபடியும் சட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அக்கா பதறிப்போனாள். அவள் விளையாட்டை அனுப்ப அந்தக் கணினி வேண்டும். பட்டாணி அண்ணனின் தோளைத் தட்டினாள்.

"அண்ணா, கதவுதான் திறந்துடுச்சே! வெளிய போங்க!"

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"இரு பட்டாணி," என்றான். "கொஞ்ச நேரம் இங்கயே இருந்துட்டுப் போறேன். இங்க நல்லா இருக்கு."

சித்தப்பா சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். மணி நாலு ஐம்பது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு லெவல்களையும் அனுப்ப இன்னும் பத்து நிமிடம் முழுதாக இருந்தது.