தட்டில் வளர்ந்த தோல்

குளிர் அறையிலிருந்து வெளியே வந்தவள், கைகளைத் தேய்த்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தட்டிலிருந்த தோல்களுக்குப் புல்லரித்திருந்தது.

ஒன்றுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும். சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாக, இளஞ்சிவப்பு நீரின்மேல் கிடக்கும் அந்தத் தோல்துண்டுகள் எப்போதும் முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் சவ்வு போல வழவழப்பாகத்தான் இருக்கும். மயிர்க்கால் கிடையாது, நரம்பு கிடையாது, சிலிர்ப்பதற்கென்று அவற்றுக்குள் எதுவுமே கிடையாது. இப்போது ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழுந்து நின்றன. அவள் தன் கையைப் பார்த்தாள். அங்கேயும் அதே புள்ளிகள். வெந்நீர்க் குழாயைத் திறந்து கையைக் காட்டினாள். கையில் சிலிர்ப்பு அடங்க அடங்க, தட்டிலும் அடங்கியது.

"எனக்குக் கண்ணுதான் கெட்டுப்போச்சு," என்று முணுமுணுத்தாள்.

முகப்பூச்சு தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் முயலின் கண்ணில் மருந்து விட்டுப் பார்த்த காலம் எப்போதோ போய்விட்டது. அறுவை சிகிச்சையில் மிஞ்சும் தோலை, கொடுத்தவரின் சம்மதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி, செல்களைப் பிரித்து, புதுத் தோலாக வளர்த்து, அதன்மேல்தான் எதையும் பூசிப் பார்ப்பார்கள். வளரும் தோலுக்கு அங்கே 'பாப்பா' என்று பெயர். அந்த இளஞ்சிவப்பு நீரை மாற்றி, பாப்பாக்களுக்கு வேளை தவறாமல் சாப்பாடு போடுவது அவள் வேலை. நடப்பதே தெரியாமல் நடப்பதால் அவளைப் 'பஞ்சு' என்று கூப்பிடுவார்கள்.

பஞ்சு ஒருமுறை சாப்பாடு போட மறந்துவிட்டாள். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், பாட்டில் முழுக்கச் செத்த செல்கள் திரிந்த பால் போல மிதந்தன. சொன்னால் வேலை போய்விடும். யாருக்கும் தெரியாமல் குளியலறைக் கதவைத் தாழிட்டு, தொடையின் உட்புறத்தில் சவர பிளேடால் மெல்லிசாகச் சீவி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதையே வளர்த்துவிட்டாள்.

வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடும் விதி அது: உன் தோலை நீயே வளர்க்காதே. கை தவறி ஊசி குத்தி அது உனக்குள் போய்விட்டால், உன் உடம்பு அதை அந்நியம் என்று எதிர்க்காது. நீ எது, அது எது என்று உடம்புக்குத் தெரியாது.

அவள் தோல் வளர்ந்த அந்தத் தட்டில் சில நாட்களாக, முகத்தில் பூசும் புதுச் சீரம் ஒன்றை விட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையும் செய்யாமல் சாகவும் மாட்டாமல் தோலுக்குள் குந்தியிருக்கும் கிழட்டுச் செல்களை மட்டும் தேடிக் கொல்கிற சீரம். "என்னடி, கன்னம் இப்படி மினுக்குது? அந்தக் கிரீமை எங்களுக்கும் சொல்லேன்," என்று வரவேற்பறைப் பெண் கேட்டபோது பஞ்சு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் முகத்தில் எதையுமே பூசியிருக்கவில்லை. இப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"பஞ்சு! பாப்பாங்க ரெடியா?"

சோப்பு அண்ணன் உள்ளே வந்தார். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு தோலைக் காரமான சோப்புக் கரைசல் விட்டு வேண்டுமென்றே கொல்ல வேண்டும். அது செத்தால்தான் சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். கொல்வது அவர் பொறுப்பு.

"அண்ணே, இன்னைக்கு வேணாமே. இன்னும் சரியா வளரல."

"நீ என்ன, பெத்தவளா? நாளைக்கு ஆகட்டும்னு சொன்னா மேடம் என்னைத் தொலைச்சுடுவாங்க. தள்ளு, தள்ளு."

சொல்லிவிடலாம். வார்த்தை வாய்வரை வந்தது. என்னவென்று சொல்வது? முதலில் திருட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். பிறகு பைத்தியக்காரத்தனத்தை. அவள் விலகி வழிவிட்டாள்.

குழலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

இடது தோளில் நெருப்பு பற்றியது. கத்தாமல் கழிவறைக்கு ஓடி, கண்ணாடி முன்னால் சட்டையை விலக்கினாள். தோளில் ஒரு பொத்தான் அளவு வட்டம், விளிம்பு பிசகாமல், அவித்த மீனின் தோல் போல வெளுத்து நைந்திருந்தது. விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. கீழே ஈரச் சிவப்பு. அதிலிருந்து சோப்பு வாசனை அடித்தது.

அடுத்து என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். வட்டக் கத்தி. பிஸ்கட் மாவை வெட்டுவது போலத் தோல்களின் நடுவில் அழுத்தி, துண்டு எடுப்பார்கள்.

டக். சுவருக்கு அப்பாலிருந்து வந்தது.

வயிறு.

டக். முதுகு. டக். கழுத்து.

சட்டை ரத்தத்தில் நனைந்தது. அலறினாள். கண்ணாடிப் பெட்டியின் காற்றாடி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. டக். முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்து எழுந்தாள். ஓடினாள். அப்போதும் பழக்கம் விடவில்லை. வாசலில் ஒரு ஜோடி கையுறையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள்.

"மிச்சத் தட்டு எங்கண்ணே?"

"ஆவிப்பெட்டியில போட்டாச்சு." அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். வளர்த்த எதையும் குப்பையில் எறியுமுன் கொதி ஆவியில் வேகவைத்துக் கொல்ல வேண்டும். பெரிய குக்கர் அது. மூலையில் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.

"திறங்க. அது என் தோல்!"

"ஆமா, பக்கத்துல இருக்கிறது என் மாமியார் தோல்..." திரும்பினார். சிரிப்பு அறுந்தது. "ஐயோ! என்னம்மா இவ்வளவு ரத்தம்?"

"திறங்கண்ணே!"

பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். "நிறுத்திட்டேன். ஆனா பிரஷர் இறங்காம கதவு திறக்காதும்மா. நான் என்ன பண்ணுவேன்!"

இரும்பு முக்காலியைத் தூக்கிக் கதவில் அடித்தாள். மறுபடி. மறுபடி. "வெடிச்சுடும், விடு!" என்று அவர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவள் யாரென்று பார்க்கவில்லை. சுழற்றினாள். முக்காலியின் கால் அவர் வாயில் இறங்கியது. பல் தெறித்துத் தரையில் உருண்டது. விழுந்தவரைத் தாண்டி மறுபடி கதவை அடித்தாள்.

கதவு அசையவில்லை.

உள்ளங்காலில் தொடங்கியது. சூடு. கணுக்கால். தொடை. அறை குளிர்ந்துதான் கிடந்தது. அவள் வெந்தாள். மார்பு. கன்னம். இமை. குரல் கிழியும்வரை கத்தினாள். கிழிந்த பிறகும் கத்தினாள்.

பிறகு, வலி நின்றது.

சட்டென்று. சுத்தமாக.

பெட்டி நீளமாகப் பெருமூச்சு விட்டது. தாழ் தளர்ந்தது. சோப்பு அண்ணன் உடைந்த வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தார். பார்த்தபடியே, தரையில் உட்கார்ந்த நிலையில், பின்னால் நகர்ந்தார். சுவர் இடித்தது. அப்போதும் குதிகாலால் தரையை உந்திக்கொண்டே இருந்தார்.

"பயப்படாதீங்கண்ணே," என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "இப்ப எனக்கு வலிக்கவே இல்ல."

அவரைத் தூக்கிவிட வேண்டும். கையுறையெல்லாம் ரத்தம். விரல் நுனிகளைப் பிடித்து இழுத்தாள். அது லேசாக, இதமாக, ஒரே இழுப்பில் கழன்று வந்தது.

கையுறை கனத்தது. அதற்குள் ஐந்து நகங்களும் இருந்தன.