ஏழாம் மாடியில் கைதட்டு

மனிதவளத் தலைவரை அந்த ஆபீசில் எல்லோரும் 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். அவரே போட்ட உத்தரவு. ஏழாம் மாடிச் சுவரில் 'இது கம்பெனி அல்ல, குடும்பம்' என்று ஆளுயரத்துக்கு எழுதவைத்தவரும் அவர்தான். குடும்பத்திலிருந்து ஆளைத் தூக்கும்போது அழுகை கூடாது என்று ஒரு வழக்கமும் கொண்டுவந்தார். போகிறவர் அட்டைப்பெட்டியோடு கதவைத் தாண்டும்வரை மிச்சமிருப்பவர்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

கடைசி ஆள் போனபோது தட்ட யாருமில்லை. அண்ணாவே தட்டினார்.

இன்று காலை மாடியைப் பூட்டிச் சாவியை இயக்குநரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. "காலி பண்ணிக் குடுங்க, உங்க நாற்காலிக்கு நான் பொறுப்பு" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

லிஃப்ட் வாசலில் காவலாளி எழுந்து நின்றார்.

"உள்ள என்னண்ணா விழா? வந்ததுலேர்ந்து ஒரே கைதட்டு."

"ஆளே இல்லாத எடத்துல யாருய்யா தட்டுவா? தூங்கினியா?"

"போய்ப் பாருங்க. உங்க குடும்பந்தானே."

உள்ளே நல்ல வெயில். நாற்காலிகள் மேசைகளோடு ஒட்டி வரிசையாக நின்றன. ஏசியை நிறுத்தி நாளாகிவிட்டது. ஆனாலும் முதுகு சில்லிட்டது. யாரோ இப்போதுதான் கலக்கிவைத்த காபியின் வாசனை.

தட்.

மூலை மேசைப் பக்கம்.

தட். தட்.

"யாரு?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. எழுந்து நிற்பவர்கள் நகர்த்துவதுபோல, மரியாதையாக, அவர் சொல்லிக்கொடுத்தபடியே.

மாடி முழுக்கக் கைதட்டல்.

"நான் எங்கயும் போகலப்பா," என்று முணுமுணுத்தார். "எனக்கு வேலை இருக்கு."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இயக்குநர். எடுத்தார். குரலில் அப்படியொரு தேன். எத்தனையோ பேரைக் கூப்பிட்டு வேலையைவிட்டு அனுப்ப அண்ணா பழகிவைத்திருந்த அதே தேன், அதே சொற்கள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் மேல வந்துட்டுப் போறீங்களா?"

போன் தரையில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. குனிந்து எடுக்கப் பார்த்தார், முடியவில்லை.

இரண்டு கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

நிறுத்தப் பார்த்தார்.

நிற்கவில்லை.