சிவப்பு மூடிக் குப்பி

"சிவப்பு மூடிக் குப்பியை எடுத்தது நீங்கதானா?"

ஐஸ் பெட்டியருகே நின்றவன் திரும்பினான். மழையில் நனைந்து வந்தது போல் குளிர்ந்த கண்கள்... அவள் கோபம் ஒரு கணம் வழி தவறியது.

மேல் மாடி ஆய்வகத்துக்குப் புதியவன். அங்கே சிவப்பு மூடி என்றால் புதுச் சரக்கு. அவளுடைய கீழ்த்தளத்திலோ, வேலை முடிந்த சரக்கு.

அவள் ஆராய்வது மனித ரத்தத்தில் இருக்கும் ஒரு காவல் புரதம். உடம்பையே அரிக்கும் நொதி வந்து கடித்தால், எலிப்பொறி போல் படக்கென்று மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். அத்தோடு பொறியின் கதையும் முடிந்தது. அப்படி மடங்கிப் போனதைத்தான் அவன் தன் செல்கள் மேல் விட்டிருக்கிறான். ஒரு புரதம் வந்து ஒட்டிச் சேதி சொன்னால் பச்சையாக மின்னும்படி அவன் வளர்த்த செல்கள்.

"ஆனா... எல்லாம் மின்னுச்சுங்க."

"செத்த பொறி எங்கயாவது சேதி சொல்லுமா சார்? செல் வளர்க்கிற தட்டை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டீங்க."

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனவன், அப்புறம் ஒரு வாரமாகக் கீழ்த்தளத்தில் தலைகாட்டவே இல்லை.

வீட்டில் அவள் அவனைத் திட்டித் தீர்த்ததை எல்லாம் அக்கா பொறுமையாகக் கேட்டாள். "பிடிக்காத ஆளைப் பத்தி யாருடி இவ்வளவு நேரம் பேசுவாங்க?"

மறுநாள் காலை, அவன் இல்லாத நேரம் பார்த்து மேலேயிருந்து கொஞ்சம் செல்களை வாங்கி வந்து, அவளே சோதித்தாள். புதுப் பொறியை விட்ட தட்டு இருண்டே கிடந்தது. மடங்கிய பொறியை விட்ட தட்டில், ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளிகள்... மடங்கிய பிறகுதான் அதற்கு ஒரு புது முகம் கிடைக்கிறது. செல்கள் அந்த முகத்தைத்தான் அடையாளம் காண்கின்றன.

மடங்கியது வீண் என்று எல்லார் முன்னாலும் அடித்துப் பேசியவள் அவள். மாலைக் கூட்டத்திலும் அதையே சொல்வதாக இருந்தாள். சொன்னாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பேச்சுக் குறிப்பில் இருந்த அந்த வரியை அவளே அடித்தாள்.

மாடி ஏறினாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"உங்க செல்கள் மின்னினது நிஜம்தான். தப்பு என்னுது. கூட்டத்துல உங்க பேரைச் சொல்லியே சொல்லப் போறேன்."

அவன் நம்ப முடியாமல் பார்த்தான். "இதுக்காகவா படியேறி வந்தீங்க? போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருக்கலாம்..." தரையைத் தொட்ட அவள் பார்வை மெல்ல அவன் கண்களுக்கு ஏறியது. "போன்ல உங்களைப் பார்க்க முடியாதே."

அவன் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நானும்..." என்றான் அவன், காது மடல் சிவக்க. "கீழ வர ஒரு காரணம் தேடிட்டேதான் இருந்தேன். எது சொன்னாலும் திட்டுவீங்களோன்னு..."

"திட்டுவேன்," என்றாள். "அதுக்காக வராம இருப்பீங்களா?"