தண்ணீருக்கு வந்த காய்ச்சல்

வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயில் வைரஸ் இருப்பதாக இயந்திரம் காட்டியது.

நோயாளிகளின் ரத்தத்தைச் சோதிக்கும்போதெல்லாம், கை சுத்தமா என்று பார்க்க ஒரு குழாயில் தண்ணீரை மட்டும் வைப்பார்கள். அதற்குத் திரையில் கோடு ஏறவே கூடாது. அக்கா வைத்ததற்கு ஏறியது. அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கையுறையை மாற்றினாள், மேசையைத் துடைத்தாள், புதிய பாட்டிலைத் திறந்தாள், மறுபடியும் ஏறியது. பக்கத்து மேசைக்காரி வைத்ததில் ஒன்றுமில்லை.

"என்னக்கா கைராசி உங்களுக்கு! தண்ணிக்கே காய்ச்சல் வந்துடுச்சே!" என்று சிரித்துவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்பெட்டிகளின் ரீங்காரமும் ஸ்பிரிட் நெடியும் மண்டிக்கிடந்த அந்த ஜன்னலில்லாத அறையில், தன் தலையிலிருந்து ஒரு முடியை வேரோடு பிடுங்கிச் சோதித்தாள். கோடு விறுவிறுவென்று ஏறியது.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. தண்ணீரில் விழுந்தது அவளுடைய தோல்துகள்தான். சிலருக்கு இந்த வைரஸ் தொற்றி வருவதில்லை, பிறப்பிலேயே வருகிறது. பெற்றவளின் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு வந்து, பிள்ளையின் ஒவ்வொரு செல்லிலும், முடியின் வேரில், நகத்தில்கூடக் குடியிருக்கும். பெரும்பாலும் ஆயுசு முழுக்கத் தூங்கும். எப்போதாவது, யாருக்காவது, விழித்துக்கொள்ளும்.

போன மாதம்தான் தம்பிக்கு அவள் எலும்பு மஜ்ஜை கொடுத்திருந்தாள். அவனுடைய சொந்த ரத்தத்தில் இது இருந்ததில்லை. அம்மா அவனை விட்டுவைத்திருந்தாள். இப்போது அவன் உடம்பில் ஓடுவது அக்காவின் ரத்தம்.

"அம்மா எதுல போனாங்க?" என்று மஜ்ஜை எடுக்கும் முன் டாக்டர் கேட்டிருந்தார்.

"சாதாரண ஜுரம் சார்."

வாய் கூசாமல் சொன்னாள். உண்மையைச் சொன்னால் உன் மஜ்ஜை வேண்டாம் என்றுவிடுவார்கள். தம்பியை விட்டால் அவளுக்கு நாதியில்லை. அம்மா நாள்கணக்கில் தூங்காமல் கிடந்ததையும், பெற்ற மகளையே யாரென்று கேட்டதையும், கட்டில் கம்பியை நகத்தால் தட்டிக்கொண்டே செத்ததையும் அப்படியே விழுங்கிவிட்டாள். பாவி! காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று எதை ஏற்றிவிட்டாள் அவனுக்குள்?

தம்பி படுத்திருந்த மாடி வார்டுக்குப் படிகளில் ஓடினாள். சாயங்கால வெயில் வராந்தாவில் ஜன்னல் கம்பிகளின் நிழலை நீள நீளமாக இழுத்துப் போட்டிருந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தூரம் போனது. அது அடங்கியதும் தம்பியின் அறையிலிருந்து கேட்டது.

டக். டக் டக். டக்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. நகம் கம்பியில்.

"என்னடா கண்ணா, தூங்கலையா?"

"நீங்க யாரு?"

அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. இந்தத் தட்டல் அவனுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவே முடியாது.

கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அக்காடா. கையை எடு. உன்னைக் கும்பிடுறேன், எடுடா."

எடுத்தான். மடியில் வைத்துக்கொண்டான். மெல்லச் சிரித்தான்.

"வாலு," என்றான். அம்மா மட்டுமே அவளை அப்படிக் கூப்பிடுவாள். "சாதாரண ஜுரம்னு ஏன்டி பொய் சொன்ன?"

டக். டக் டக். டக்.

அவன் கைகள் மடியிலேயே இருந்தன. அக்கா குனிந்து பார்த்தாள். கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தவை அவளுடைய நகங்கள்.