பேராச்சியின் கை

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால், சாக்குப் படுதா தொங்கிய ஒற்றை அறையில் பூலோகம் பச்சை குத்திக்கொண்டிருந்தான். 1964 ஜூலையில் ஒரு மத்தியானம் அங்கே போனேன். பக்கத்து டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர்; பெயர் ஞானசீலன். அடைமழை. அறைக்குள் ஈரத்தோல் நாற்றம்.

அவன் ஊசியைச் செருப்பில் தீட்டி, வேட்டி நுனியில் துடைத்தான். யாரோ ஒருவனின் சீழ் வைத்த கையில் இறங்கிய அதே ஊசிதான் முந்தின மாதம் பேராச்சி என்ற பெண்ணின் கையிலும் இறங்கியது. புருசன் பெயரை ஆசையாகக் குத்திக்கொண்டவள். மூன்றாம் நாள் காய்ச்சலோடு கை வீங்கியது. "பச்சை ஏறும்போது அப்படித்தாம்மா இருக்கும்" என்று மஞ்சளை அப்பி அனுப்பினான் இந்த மேதை. எங்களிடம் வந்தபோது கை கறுத்துவிட்டது. ஒன்பதாம் நாள் செத்தாள். இருபது வயது.

"ஊசியக் கொதிக்க வையும். ஆளுக்கு ஒரு ஊசி எடும். கையச் சோப்புப் போட்டுக் கழுவும்" என்றேன்.

"கொதிக்க வைக்க இது என்ன முட்டையாவே? அவ உடம்பு வாகு, போய்ச் சேந்துட்டா."

அவன் மூஞ்சியில் துப்பத் தோன்றியது.

அப்போது படுதாவை விலக்கிக்கொண்டு ஒரு கை மட்டும் உள்ளே நீண்டது.

பெண்ணின் கை. கறுத்து வீங்கியிருந்தது. கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன.

பூலோகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழுவாத ஊசியை எடுத்தான்.

"தொடாதேயும்" என்றேன்.

கை புரண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஊசியக் கழுவுனீயளா அண்ணாச்சி?"

அவன் அலறினான். நான் படுதாவை இழுத்தேன். வெறும் மழை. சேற்றில் காலடிகூட இல்லை.

மறுநாளே ரயிலேறிக் கல்யாணுக்கு ஓடினான். திருந்தினானா? ஸ்டேஷன் ஓரத்தில் அதே ஊசியோடு உட்கார்ந்தான். விரல்கள் பதிந்த மணிக்கட்டு அழுகி, கையை வெட்டி எடுத்தார்களாம். எனக்கு இரக்கம் வரவில்லை.

என்மேலும் இரக்கம் இல்லை. பச்சை குத்தப் போகும் முன் பேராச்சி என் வாசலில் நின்று, "குத்திக்கிடலாமா சார்?" என்று கேட்டாள். அவனுடைய ஊசியின் லட்சணம் எனக்குத் தெரியும். வேலை மும்முரத்தில், "ஆசைன்னா போம்மா" என்று சொன்னவன் நான்.

அடுத்த மழைக்காலத்தில் மாட்டுங்காவிலிருந்து ஏஞ்சலம்மாள் என்றொருத்தி முதல்முறையாக டிஸ்பென்சரிக்கு வந்தாள். பெஞ்சில் அவள் மட்டும்தான். உள்ளே கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள்.

"எனக்கு முன்னாலயே இந்தப் பொண்ணு வந்திருக்கா சார். பாவம், அவ கைய முதல்ல பாருங்க."