அசையாதவர்கள் மட்டும்

இன்னும் மூன்று நிமிடம். யாராக இருந்தாலும் அந்த மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ளட்டும்.

துர்காதேவி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கால்வாயின் மேல் பாதி உடைந்து நின்ற பலகைப் பாலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பால் பவுடர் டப்பா. காற்றில் ஆடாதிருக்க அதன் தலையில் ஒரு செங்கல். டப்பாவின் வயிற்றில் ஊசியால் குத்திய துளை, உள்ளே வளைத்து ஒட்டிய போட்டோ காகிதம். லென்ஸ் கிடையாது, பட்டன் கிடையாது. துளையை மூடிய கறுப்பு டேப்பை உரித்துவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தால், தண்ணீரும் அக்கரைப் பனைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்தில் படியும். அதுவரை பலகையில் யாரும் காலை மாற்றி வைக்கக் கூடாது. ஒரு அதிர்வு போதும், படம் கலங்கிவிடும்.

வாரம் முழுக்கச் செங்கல்பட்டுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான். திருப்போரூர் வீட்டிலிருந்து பஸ் ஏறி, மாமல்லபுரத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்குவாள். அங்கே டீக்கடை வைத்திருக்கும் செங்கல்வராயன் அவளைச் சும்மா விடுவதில்லை.

"இன்னா டீச்சர், இன்னிக்கும் டப்பால பூதத்த அடைக்கப் போறீங்களா?"

"உங்களை அடைக்கலாம்னு பார்த்தேன். டப்பா பத்தாது."

"நான் எங்க ஒரு எடத்துல நிக்கறேன், மாட்றதுக்கு?"

அவர் சொன்னது சரி. நடந்துபோகிறவர்கள் இந்தப் படங்களில் விழுவதில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முப்பது பேர் கடந்துபோனாலும் காகிதத்தில் வெறும் கரைதான் இருக்கும். துர்காதேவிக்கு இதில் பிடித்ததே அதுதான். மனிதர்களை ஒவ்வொருவராகத் துடைத்தெடுத்த உலகம். அதை ஒரு ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வாயேன்."

முதுகுக்குப் பின்னால், கருவேலம் புதர்களுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல். எப்போதும் இப்படி யாராவது கூப்பிடுவார்கள், டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு. ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. அவள் திரும்பவில்லை.

"அக்கா."

கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்றாவது முறை கேட்ட குரலில் தண்ணீர் இருந்தது.

அது அவளுக்குத் தெரிந்தது. பின்னாட்களில் எத்தனையோ விதமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன், காற்று என்று நினைத்தேன் என்று. இல்லை. தெரிந்தது. தெரிந்தபின்னும் தொடையின் மேல் வைத்த கை எழவில்லை. எழுந்தால் பலகை ஆடும்.

பன்னிரண்டு நிமிடம் முடிந்து டேப்பை ஒட்டிவிட்டுப் புதர்களைச் சுற்றிப் போய்ப் பார்த்தபோது, கால்வாய் அசைவற்றுக் கிடந்தது. நடுவில் ஒரு சாப்பாட்டுப் பை மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வந்த வழியே போகாமல், வேறு வழியாக, டீக்கடை கண்ணில் படாமல் சாலைக்குப் போனாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் கிடந்த பேப்பரில் நாலு வரிச் செய்தி. ரூத், வயது ஐம்பத்தொன்று. விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவர். கால்வாயில் இறங்கிக் கடந்தபோது, மணல் அள்ளிய பள்ளத்தில் மூழ்கி இறந்தார்.

அந்த டப்பாவை அவள் ஒரு வாரம் திறக்கவில்லை.

குளியலறைதான் அவளுடைய இருட்டறை. ஜன்னலில் கறுப்பு அட்டை, கூரையில் சிவப்பு பல்பு, தரையில் ரசாயனக் கரைசலோடு மூன்று தட்டுகள். வினிகரைப் போல மூக்கைச் சுண்டும் வாடை. கழுவிய காகிதத்தில் வெளிச்சமெல்லாம் கறுப்பாகவும் நிழலெல்லாம் வெளுப்பாகவும் தெரியும். அதை இன்னொரு காகிதத்தின்மேல் கண்ணாடியால் அழுத்தி, ஒரு நொடி விளக்கைக் காட்டி, மறுபடி தட்டில் போட்டால் சரியான படம் எழும்.

எழுந்தது. தண்ணீர், பனைகள். பாலத்தின் உடைந்த முனைக்கு அப்பால், தண்ணீர் மட்டுமே இருந்த இடத்தில், ஒரு பெண்.

கடந்துபோகிறவர்கள் விழமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றவர்கள் புகை மாதிரி விழுவார்கள். இவள் புடவையின் மடிப்புவரை அழுத்தமாக விழுந்திருந்தாள்.

பன்னிரண்டு நிமிடமும் நின்றிருக்கிறாள்.

துர்காதேவி அதைக் கிழித்தாள். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கமே போகாமல், வேறொரு டப்பாவோடு வேடந்தாங்கலுக்குப் போனாள். ஏரிக்கரையில் ஈ காக்கை இல்லை. படத்தில் நீர்க்கடம்ப மரத்தடியில் அதே பெண் நின்றிருந்தாள், முன்பைவிட அருகில். அதற்கடுத்த வாரம் எங்கும் போகப் பயந்து, தன் மொட்டை மாடியிலேயே கைப்பிடிச் சுவரில் டப்பாவை வைத்தாள்.

இன்று பிற்பகல் அந்தப் படத்தைத்தான் தட்டில் போட்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. துணிக்கொடி வந்தது. பிறகு காகிதம் முழுக்க ஒரு முகம் வந்தது.

நெற்றியில் ஒட்டிய முடி. கண்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் குழி.

வேதியியல் படித்த மூளை பழக்கத்தில் தன் கணக்கைப் போட்டது. பேசுகிற வாய் விழாது. மூடித் திறந்திருந்தால் கலங்கியிருக்கும். இது கத்தி வெட்டியதுபோல இருக்கிறது.

அப்படியானால் அந்த வாய் மூடவே இல்லை.

அழைப்பு மணி அடித்தது.

குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி வந்து வாசல் கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், தோளில் பையோடு ஒரு பெண்.

"டீச்சர், நான் ஜெனிஃபர். ரூத்தோட பொண்ணு. கால்வாயில..."

"உள்ளே வாம்மா."

ஜெனிஃபர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"டீக்கட அண்ணாத்த சொன்னாரு. அன்னிக்கு நீங்க பாலத்தாண்ட குந்திக்கினு இருந்தீங்களாமே?"

"இருந்தேன். கொஞ்ச நேரம்தான்."

"காலைல எனக்கும் அம்மாவுக்கும் சண்ட, டீச்சர். சோத்து டப்பா மூடிய சரியாப் போடல, பையெல்லாம் கொழம்பு. அதுக்குப் போயி, செத்துத் தொலையேன்னு சொல்லிட்டேன். அது ஒண்ணுமே பேசல. பைய எடுத்துக்கினு போயிடிச்சி." டம்ளரைப் பார்த்தபடி நிறுத்தினாள். "இப்போ ஊர்ல எல்லாம், அது தானாதான் வுழுந்துச்சின்னு பேசிக்கினு கீறாங்க. பேசட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். அது கூப்ட்டுச்சா? கூப்ட்டிருந்தா பொழைக்கணும்னு தானே நெனச்சிருக்கும்? நான் சொன்னதுக்காவப் போவலதானே?"

மூன்று முறை கூப்பிட்டாள். இந்த மூன்று சொற்கள் போதும், எதிரே இருக்கிற பெண் இன்றிரவு தூங்குவாள். துர்காதேவியின் நாக்கில் அவை தயாராக இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும். நீங்க இன்னா பண்ணீங்க, டீச்சர்?

காது மடல்கள் கொதித்தன. வகுப்பில் பிடிபட்ட பிள்ளையைப் போல அவள் தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

"எனக்கு எதுவும் கேட்கலம்மா."

ஜெனிஃபர் தலையை ஆட்டினாள். அழவில்லை. அதிலிருந்த பணிவு துர்காதேவியால் தாங்க முடியாததாக இருந்தது. எழுந்து டம்ளரை வைக்கக் குனிந்தவள், அப்படியே நின்று, துர்காதேவியின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"உள்ள யாரு, டீச்சர்?"

"யாரும் இல்ல. நான் தனியாதான் இருக்கேன்."

"கதவுக்குக் கீழ செவப்பு வெளிச்சம் கீதே, அதுல ரெண்டு காலு தெரியுது. ரொம்ப நேரமா நின்னுகினே கீறாங்க. நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன்." குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு உங்ககூட வந்தவங்களா? அவங்களுக்குக் கேட்டிருக்கும்ல? ஒரு தபா வெளிய கூப்புடுங்களேன். நானே கேட்டுக்கறேன்."

துர்காதேவி திரும்பிப் பார்க்கவில்லை. ஓரடி நகர்ந்து, அந்தப் பெண்ணின் பார்வைக்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டாள்.

"வேணாம்மா," என்றாள் மெல்ல. "கூப்பிட மாட்டேன்."